டைனோசருக்கு பாய்லர் உண்டா?

டைனோசர் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்கிற வேலையில் ஒரு வசதி, நாம் சொல்வதை மறுக்க டைனோசர் வரப்போவதில்லை. ஒரு சங்கடம், மற்ற எல்லோரும் வருவார்கள்.

பஸ் நிலையத்தில் விசாரணைக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவர்கள், ரேஷன் கடையில் ‘சர்க்கரை எப்போ வரும்?’ என்ற கேள்வியோடு வாழ்கிறவர்கள், கோயிலில் செருப்பைப் பார்த்துக்கொண்டே ‘நடை எப்போ திறப்பாங்க?’ என்பதற்கும் பதில் சொல்கிறவர்கள், நீங்களெல்லாம் என் இனம். ஆனால் உங்களிடம் கேட்கிற கேள்விக்காவது விடை என்று ஒன்று எங்கேயோ இருக்கிறது. என்னிடம் கேட்கிற கேள்விக்கு அதுவும் கிடையாது.

கல்வராயன் மலைக்கு ஏறுகிற சாலையில் ஒரு வளைவில் இருக்கிறது, ஊஞ்சல் கட்டி டிக்கெட் வைத்த எங்கள் தோட்டம். முதலாளி தியாகதுருகத்தில் புழுங்கல் அரிசி ஆலை வைத்திருப்பவர். எங்கோ ஒரு பொருட்காட்சியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, வாயைத் திறந்தபடி தனியாக நின்றிருந்த ஃபைபர் டைனோசரைப் பார்த்திருக்கிறார். என்ன தோன்றியதோ, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு காலில் நிற்கும். கழுத்தில் மோட்டார், வாயில் ஸ்பீக்கர். வயிற்றுக்குள் புகுந்து பழுது பார்க்க வாலுக்கு அடியில் ஒரு சின்னக் கதவு. நான் அவருடைய ஆலையில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தவன். மனைவி போய்ச்சேர்ந்த பிறகு, வேலை முடிந்து பூட்டின வீட்டைத் திறப்பது பெரிய வேலையாகத் தெரிந்தது. “மேல போய் இருக்கிறியா?” என்று முதலாளி கேட்டார். வந்துவிட்டேன். டைனோசருக்குப் பின்னால் இருக்கிற அறைதான் வீடு.

## புரோட்டாவின் மேன்மை

முதலாளி எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. மலைக்குப் போகிற வேன்கள் எங்கள் வளைவில் வேகத்தைக் குறைக்கும், உள்ளே இருப்பவர்கள் டைனோசரைப் பார்த்துக் கையாட்டுவார்கள், வேன் போய்விடும். கையாட்டுவதற்கு நாங்கள் டிக்கெட் வைக்கவில்லை. டிக்கெட் கொடுக்கிற பச்சையம்மா அந்தக் கூண்டிலேயே உட்கார்ந்து புளி கொட்டை நீக்கி முடித்துவிடுவார்.

மார்கழிக் கடைசியில் முதலாளி வந்து டைனோசரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். வழியில் போகிறவர்கள் சாப்பிடத்தான் இறங்குகிறார்கள் என்பது அவர் கண்டுபிடிப்பு. டைனோசர் போனால் அறையும் போகும், நானும் கீழே இறங்கிப் பூட்டைத் திறக்க வேண்டியதுதான். அதை நான் சொல்லவில்லை. முகத்தில் தெரிந்திருக்கும்போல. தோளில் தட்டிச் சொன்னார்: “தையிலயும் மாசியிலயும் பள்ளிக்கூடத்து பஸ்ஸுங்க வரலன்னு வெச்சிக்க, இத்த பிரிச்சிட்டு புரோட்டாக் கடைக்கு வுட்ருவேன். புரோட்டாவுக்கு பக்கத்துல நின்னு எவனும் விளக்கம் சொல்ல வேணாம் பாரு.”

## நல்ல ஜீவன்

எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். இதன் ரத்தம் சூடா, குளிரா? வேனில் வருகிற பிள்ளைகள் செல்போனில் எதையாவது பார்த்துவிட்டு வந்து கேட்பார்கள். நானும் நூலகத்துப் புத்தகங்களையும் அதே செல்போனையும் வைத்துத்தான் படித்தேன். விஞ்ஞானிகள் முதலில், இது பெரிய பல்லிதானே, ஓணானைப் போல, முதலையைப் போல வெயிலில் கிடந்து சூடேற்றிக்கொண்டிருக்கும் என்றார்கள். பிறகு எலும்பை அறுத்துப் பார்த்தவர்கள், இவ்வளவு வேகமாக வளர்ந்த உடம்பு கோழியைப் போலத் தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொண்டிருக்க வேண்டும் என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் என்று ஒரு கட்சி. ஒவ்வொரு ஜாதி டைனோசருக்கு ஒவ்வொரு விதம் என்று இன்னொரு கட்சி. வாய்தா மேல் வாய்தாவாக வழக்கு இன்னும் நடக்கிறது.

மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்திலிருந்து கரும்பு விவசாயிகள் சிலர் ஒருநாள் வந்தார்கள். அவர்களுக்கு நான் எனக்குத் தெரிந்த தொழிலில் சொன்னேன். “சூடான ரத்தம்னா சொந்த பாய்லர் வெச்ச மில்லுங்க. மழையிலயும் நெல்லு காயும், ஆனா உமிய வாரிப் போட்டுகினே இருக்கணும். குளிர் ரத்தம்னா களத்த நம்புற மில்லு. உமிச் செலவு கெடையாது, ஆனா வெயில் வந்தாத்தான் வேலை.” ஒரே நொடியில் புரிந்துவிட்டது. அந்த ஒரு நொடி நான் அடைந்த பெருமை கொஞ்சமில்லை. அதற்குள் துண்டைத் தலையில் கட்டியிருந்த ஒருவர், இவ்வளவு பெரிய உடம்பில் பாய்லர் இருந்தால் தினமும் எத்தனை வண்டிக் கரும்பை இழுக்கும் என்று கவலைப்பட ஆரம்பித்தார். மற்றவர்களும் ஆலைக்குப் போக வேண்டிய கரும்பை இது மேய்வதாகவே நினைத்து டைனோசரை முறைத்தார்கள். இது கரும்பு தின்னாது, கறி தின்கிற வகை என்றேன். அவர் முகம் மலர்ந்தது. டைனோசரின் காலைத் தட்டிக்கொடுத்துச் சொன்னார்: “கறிதான் துன்னுமா? அப்ப நம்மளுக்கு தொந்தரவு இல்ல. நல்ல ஜீவன்ங்க.”

## ஒரே வார்த்தை

திருநாவலூரிலிருந்து ஒரு குடும்பம். தூக்குவாளி, பாய், பிரியாணி அண்டா என்று வந்து டைனோசரின் நிழலில் விரித்துவிட்டார்கள். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். சூடு என்கிறவர்கள் உண்டு, குளிர்ச்சி என்கிறவர்களும் உண்டு. பரிமாறிக்கொண்டிருந்த அம்மா கரண்டியை நிறுத்திவிட்டு என்னை மிகுந்த மரியாதையோடு பார்த்தார். அப்படி ஒரு கவனிப்பு எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. அதனால் எலும்பு, வளர்ச்சி, இறகு எல்லாவற்றையும் விரித்துச் சொன்னேன்.

அவர் கேட்டது வேறு வழக்கு. வீட்டுக்காரருக்கு உடம்பு சூடு. பிராய்லர் கோழி தொடக் கூடாது, ஆட்டுக்கறி அளவோடு, வாத்து பரவாயில்லை என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். இந்தக் கறி எந்தப் பக்கம் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். இது ரத்தத்தைப் பற்றிய பேச்சு, கறியைப் பற்றியது இல்லை என்றேன். ரத்தம் இல்லாமல் கறி ஏது என்றார். இந்தப் பிராணியே இப்போது உலகத்தில் கிடையாதும்மா என்றேன். தியாகதுருகம் சந்தையில் கூடவா என்று வீட்டுக்காரர் முதல்முறையாக வாயைத் திறந்தார். அந்த அம்மா அவரை ஒரு பார்வையில் அடக்கிவிட்டு என்னிடம் திரும்பினார்: “கெடைக்குதோ கெடைக்கலியோ அத்த வுடுங்க. மூலத்துக்கு ஆவுமா ஆவாதா, ஒரே வார்த்த சொல்லுங்க.”

## ஒரே ஸ்கூட்டர்

தை பிறந்ததும் அமுதா டீச்சரும் குணசேகர் சாரும் ஒரு ஸ்கூட்டரில் வந்தார்கள். கணவன் மனைவி. இருவரும் அறிவியல்தான், ஆனால் வேறு வேறு பள்ளிக்கூடம். பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துவர முன்கூட்டியே இடம் பார்க்க வந்திருந்தார்கள். இரண்டு பள்ளிக்கூடம், இரண்டு பஸ். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். இத்தனை பணிவாக நான் பாய்லர் இன்ஸ்பெக்டருக்குக்கூட டீ கொடுத்ததில்லை.

டைனோசர் பக்கத்தில் அப்போது பலகை எதுவும் கிடையாது. ஒன்று வைக்கச் சொன்னார் டீச்சர். ‘குளிர் ரத்தப் பிராணி’ என்று எழுதுங்கள் என்றார். குணசேகர் சார் டீயை அப்படியே பிடித்துக்கொண்டு, “வெப்ப ரத்தம்” என்றார். “பல்லிக்கு சொந்தக்காரங்க.” “கோழிக்கும் சொந்தக்காரங்கதான்.” “இவ்ளோ பெரிய ஒடம்பு ஒரு தடவ வெயில்ல சூடானா ராத்திரி பூரா ஆறாதுங்க, எதுக்குத் தனியா சூடு?” “அப்ப பனிப் பிரதேசத்துல கெடைக்குற எலும்புக்கு இன்னா சொல்லுவ?” “அத்தச் சொல்றதுக்கு மின்ன, நேத்து ஃபிரிட்ஜ மூடாம வந்தது யாருன்னு சொல்லுங்க.” வாக்குவாதம் கோடிக்கணக்கான ஆண்டுகளைத் தாண்டித் தாண்டி அவர்கள் வீட்டுச் சமையலறைக்குள் போய்வந்தது. எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கலாம்போல இருந்தது. என் மனைவியும் நான் எதைச் சொன்னாலும் ‘அப்டியெல்லாம் இல்ல’ என்றுதான் தொடங்குவாள். மறுத்துப் பேச வீட்டில் ஒரு ஆள் இருப்பது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று இவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

கிளம்பும்போது டீச்சர், தான் சொன்னபடி எழுதினால்தான் தன் பஸ் என்றார். ஸ்கூட்டரில் ஏறி, கைப்பையை இருவருக்கும் நடுவில் எல்லைச்சுவர் மாதிரி வைத்துக்கொண்டார். குணசேகர் சார் வண்டியைக் கிளப்பிவிட்டு என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்: “அவங்க சொல்றத எழுதினீங்கன்னா எங்க பஸ் கள்ளக்குறிச்சிய தாண்டாது, பாத்துக்குங்க.”

## முதலாளியின் தீர்ப்பு

முதலாளியிடம் சொன்னேன். அவருக்கு இதில் குழப்பமே இல்லை. ஆலையில் ஒரே நெல்லைப் புழுங்கலாகவும் பச்சரிசியாகவும் கொடுக்கிறவர் அவர். கேட்கிறவருக்கு எது வேண்டுமோ அது. பலகைக்கு இரண்டு பக்கம் இருக்கிறதல்லவா? ஒரு பக்கம் குளிர், மறுபக்கம் வெப்பம். எந்த பஸ் வருகிறதோ அதற்கேற்பத் திருப்பி மாட்ட வேண்டும்.

பலகையோடு நிறுத்தியிருக்கலாம். பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பார்களே என்றார். வெப்ப ரத்தம் என்று எழுதிவிட்டுத் தொட்டால் ஜில்லென்று இருந்தால் பேர் கெட்டுவிடாதா? அடுத்த நாளே கோழிப் பண்ணையில் குஞ்சுகளுக்குச் சூடு காட்டப் போடுகிற பெரிய பல்புகள் வந்தன. வயிற்றுக்குள் நான்தான் மாட்டினேன். என் அறையில் சுவிட்ச். மலைப் பனியில் டைனோசரின் வயிறு வெதுவெதுவென்று ஆனது. கண் இரண்டும் உள்ளிருந்து சிவந்தன. அன்றே சாலையில் இருந்த நாய்கள் எல்லாம் அதன் காலடிக்குக் குடிவந்தன. ஆடு மேய்ப்பவர்கள் மழைக்கு ஒதுங்குவதுபோல வந்து அதன் வயிற்றில் முதுகைச் சாய்த்துக்கொண்டு பீடி பிடித்தார்கள். பச்சையம்மாவின் முட்டைக் கோழியைத்தான் காணவில்லை. கீரி கொண்டுபோய்விட்டது என்று பத்து நாள் கீரியைத் திட்டினார். பல்பு ஒன்று எரியவில்லை என்று நான் சரியாகச் சாத்தாமல் விட்டிருந்த வாலுக்கடிக் கதவைத் திறந்தால், மோட்டார் பெட்டிக்குப் பக்கத்தில் முட்டைகள் மேல் உட்கார்ந்துகொண்டு என்னைக் கொத்த வந்தது. கோழியை நகர்த்தினால் அடை கலைந்துவிடும், அப்படியே இருக்கட்டும் என்றார் பச்சையம்மா. குனிந்து உள்ளே பார்த்துவிட்டு, எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டே சொன்னார்: “நீங்க இத்தினி நாளு புஸ்தகம் படிச்சிகினு கெடந்தீங்க. கோழி ஒரே நாள்ல முடிவு பண்ணிடுச்சி பாருங்க.”

## நேர்மை

முதலில் வந்தது அமுதா டீச்சரின் பஸ். பல்பை அணைத்தேன், பலகையைக் குளிர்ப் பக்கம் திருப்பினேன். நல்ல பனி. பிள்ளைகள் வரிசையாக வந்து தொட்டார்கள், ‘ஐஸ் மாதிரி கீது மிஸ்!’ என்று கையை உதறினார்கள். டீச்சர் முகத்தில் தேர்வு முடிவு வந்த மகிழ்ச்சி. நான் பல்லியையும் முதலையையும் பற்றிச் சொன்னேன். கோழியைப் பற்றிய பேச்சை எடுக்கவே இல்லை. உள்ளே இருந்த கோழியும் ஒத்துழைத்தது.

சாப்பிட்டு முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. ஃபைபர் அல்லவா, ஒரு பையன் போய் மறுபடி தொட்டுவிட்டு, ‘மிஸ், இப்ப சுடுது!’ என்று கத்தினான். மொத்தப் பள்ளிக்கூடமும் திரும்பிப் பார்த்தது. என் கண் முன்னால் புரோட்டாக் கல் தெரிந்தது. பல்பை அணைத்தேனா என்று எனக்கே சந்தேகம் வந்து அறைக்கு ஓடினேன். அணைத்துத்தான் இருந்தது. திரும்பி வந்தால் டீச்சர் கோபமாக இல்லை. கண் கலங்க நின்றுகொண்டிருந்தார். வெயில் இல்லாதபோது குளிர்ந்து, வெயில் வந்ததும் சூடாகிற பிராணிக்கு இதைவிட வேறென்ன நிரூபணம் வேண்டும் என்று பிள்ளைகளிடம் கேட்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள். பஸ் ஏறுமுன் என்னிடம் வந்து சொன்னார்: “எங்க வீட்டுல இருக்குறவரோட ஒப்பிட்டா, ரொம்ப நேர்மையான டைனோசர்ங்க.”

## வாலுக்கு அடியில்

குணசேகர் சாரின் பஸ் வந்த நாளும் பனிதான். விடிந்ததுமே பலகையை வெப்பப் பக்கம் திருப்பி, பல்பைப் போட்டுவிட்டேன். பிள்ளைகள் வயிற்றில் கையை வைத்துவிட்டு எடுக்கவே இல்லை. வரிசையில் பின்னால் இருப்பவர்கள் முன்னால் இருப்பவர்களைத் தள்ளினார்கள். கழுத்து ஆடியது, வாய் உறுமியது, கண் சிவந்தது. சார் எலும்பு வளர்ச்சியைப் பற்றி ஆரம்பித்தார். கரண்ட் போய்விட்டது.

உறுமல் பாதியில் நின்றது. கண் அணைந்தது. கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் வயிறும் ஆறத் தொடங்கியது. ஒரு சின்னப் பெண் அழ ஆரம்பித்தாள். ‘சார், செத்துப்போச்சி சார்’ என்றான் ஒருவன். இது பொம்மை என்று நான் சொல்லிப் பார்த்தேன். இத்தனை நேரம் தொட்டவர்களிடம் அது எடுபடவில்லை. குணசேகர் சார், வெப்ப ரத்தப் பிராணிகள் இறந்தால் உடம்பு ஆறிவிடும் என்ற பாடத்தை நடத்திப் பார்த்தார். அழுகை அதிகமானது. அந்த நேரம் பார்த்து வயிற்றுக்குள்ளிருந்து கீச்சு கீச்சு என்று சத்தம். அழுகிற பெண் முதலில் நிறுத்தினாள். எல்லோரும் காதை ஒட்டிவைத்துக் கேட்டார்கள். நான் போய் வாலுக்கடிக் கதவைத் திறந்தேன். வேறு என்ன செய்ய? கோழி இறங்கியது, அதன் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக, அப்போதுதான் ஈரம் காய்ந்த குஞ்சுகள் பனியில் நடந்துபோயின. பிள்ளைகள் போட்ட கூச்சலில் மலையே திரும்பிப் பார்த்திருக்கும். டைனோசரின் வழிவந்ததுதான் பறவை என்று வருடம் முழுக்கக் கத்திக்கொண்டிருந்த குணசேகர் சார் என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். குஞ்சுகளை எண்ணுவதற்காகப் பச்சையம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்: “தள்ளுங்க தள்ளுங்க, மிதிச்சிடாதீங்க, எல்லாம் நம்ம வூட்டுக் கோழிதான்!”

## தெரியாது

இரண்டு பஸ் வந்தது உண்மை. மற்ற நாளெல்லாம் வேன்கள் கையாட்டிவிட்டுத்தான் போயின. மாசி முடியப்போகும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளி வந்தார், கூடவே அளவு டேப்போடு ஒரு புரோட்டாக் கடைக்காரர். டைனோசரின் வாலிலிருந்து என் அறைச் சுவர்வரை அளந்துகொண்டிருந்தார்கள். நான் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தேன். அப்போது வந்து நின்றது அந்த ஸ்கூட்டர். இறங்கின இருவர் கையிலும் செல்போன். இரண்டிலும் எங்கள் பலகையின் படம். ஒன்றில் குளிர், ஒன்றில் வெப்பம். வீட்டில் ஒருவரை ஒருவர் பொய்யர் என்று சொல்லிச் சொல்லி அலுத்து, கடைசியில் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இப்போதுதான் முதல்முறையாக இருவரும் ஒரே கட்சி. “எது உண்மை? நீங்க சொல்லுங்க பெரியவரே” என்றார் டீச்சர். முதலாளி என்னைப் பார்த்தார். எந்தப் பக்கம் சொன்னாலும் ஒரு பஸ் போச்சு. சொல்லாவிட்டால் இரண்டும் போச்சு. எப்படியும் புரோட்டாதான் என்று தெரிந்த பிறகு ஒரு தைரியம் வந்தது. “எனக்குத் தெரியாதுங்க. இன்னும் யாருக்கும் முழுசா தெரியாதுன்னுதான் படிச்ச எடத்துல எல்லாம் போட்டிருக்குது” என்றேன்.

தெரியாது என்று நான் சொன்னதுமே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. டீச்சர் முதலையை எடுத்தார், சார் இறகை எடுத்தார். ஊஞ்சலில் இருந்தவர்கள் வந்தார்கள். மலையிலிருந்து இறங்கிய வேன் ஒன்று வேகத்தைக் குறைத்தது. கையாட்டுவதற்குப் பதிலாக நின்றது. என்ன சண்டை என்று கேட்டு இறங்கினவர்கள் இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் சேர்ந்துகொண்டார்கள். பின்னால் வந்த வேன், முன்னால் வேன் நிற்கிறதே என்று நின்றது. ஆட்டுக்காரர் ஒருவர், தான் முதுகு சாய்த்த அனுபவத்தை வைத்து வெப்பம் என்று சத்தியம் செய்தார். புரோட்டாக் கடைக்காரர் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு, கல் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நேரம் சூடு தாங்கும், அதனால் டீச்சர் சொல்வதுதான் சரி என்று கூட்டத்துக்கு நடுவே போய் நின்றார். பச்சையம்மா கேட் பக்கம் ஓடி, உள்ளே வந்து சண்டை போடுகிறவர்களுக்கெல்லாம் டிக்கெட் கிழித்தார். முதலாளி, பச்சையம்மா கிழிக்கிற டிக்கெட்டுகளை எண்ணினார். பிறகு பலகையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். “இனிமே இதுல ஒண்ணும் எழுதாத. இவங்க ரெண்டு பேரும் வாராவாரம் வந்து பேசட்டும், டீ நம்ம செலவு. ஆனா ஒண்ணு, இவங்கள்ல எவராச்சும் ஒருத்தர் ‘நீ சொன்னதுதான் சரி’ன்னு ஒத்துகினாங்கன்னா, அன்னிக்கே புரோட்டாக் கல்ல எறக்கிடுவேன்.”

ஆகவே தோழர்களே, விடை கிடைத்துவிட்டால் வேலை போய்விடுமே என்று பயந்துகொண்டே நாள் முழுக்க விடை சொல்கிற வேலை இது.